பதில் எங்கே போச்சு? தமிழ் லினக்ஸும், மடற்குழுவா மன்றமா என்ற பழைய வழக்கும்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோட்ல ஃபாண்ட் குழப்பங்கள் பத்திப் பேசினோம். இன்னைக்கு அதோட பக்கத்து வீட்டுக் கதை. ஒரு மென்பொருள் இலவசமா கிடைக்குது, அதோட மூலநிரலும் கிடைக்குது. ஆனா அது வேலை செய்யலேன்னா யார்கிட்ட கேக்கறது? கேட்ட கேள்விக்கு யாரோ ஒருத்தர் பொறுமையா பதில் சொல்றாரு. அந்தப் பதில் பத்து வருஷம் கழிச்சு எங்கே இருக்கும்?

இந்தக் கேள்வியை அரியலூர்ல இருந்து ஆரம்பிக்கலாம். ஏன்னா தமிழ்நாட்டுல "எது மிஞ்சும், எது மிஞ்சாது"ன்னு மண்ணே பாடம் நடத்துற இடம் அது. டைனோசர் காலத்துல கடலா இருந்த பகுதி. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்ல கடல் உயிரினங்களோட புதைபடிவங்கள் இன்னமும் கிடைக்குது. வாரணவாசியில அதுக்குன்னே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. பக்கத்துல பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல, சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தின ஒரு மரம் கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்குது. 1940-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார்.

அந்தக் காலத்துல அங்கே ஒரே ஒரு மரமா இருந்திருக்கும்? காடே இருந்திருக்கும். ஆனா கல்லாகி மிஞ்சினது, சரியான நேரத்துல தண்ணியில அடிச்சிட்டு வந்து, வண்டலுக்குள்ள மூடப்பட்ட மரம்தான். மிச்சமெல்லாம் மக்கிப் போச்சு.

தமிழ் லினக்ஸ் வரலாற்றுலயும் இப்படி அடுக்குகள் இருக்கு. ஒரு லினக்ஸ் கணினியில தமிழ் இடைமுகம் வேணும்னா, மொழிபெயர்ப்புக் கோப்புகள் வேணும். ஒவ்வொரு கோப்போட தலையிலயும் "எந்த மொழிக்குழு இதைச் செய்தது"ன்னு ஒரு வரி, ஒரு மின்னஞ்சல் முகவரியோட இருக்கும். பழைய கோப்புகளைத் திறந்து பாருங்க. ஒண்ணுல 'தமிழினிக்ஸ்'னு ஒரு யாகூ குழுவோட முகவரி. இன்னொண்ணுல 'அம்பலம்' தளத்தோட முகவரி. அடுத்ததுல கூகுள் குழு. அதுக்கு மேல உபுண்டு தமிழ்க் குழுவோட மடற்குழு. ஒவ்வொரு முகவரியும் ஒரு காலத்துல நாலு பேர் கூடி, சண்டை போட்டு, சிரிச்சு, "ஃபைல்"க்குக் கோப்புன்னு வைக்கலாமான்னு பேசின இடம். அதுல சிலது இன்னைக்குக் கதவே இல்லாத வீடு.

வீட்டுக்கு வர்ற தபால்

இந்தியாவுல பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். கொடுத்தது. அதே 1995-லதான் திருச்சி மாவட்டத்தைப் பிரிச்சுப் பெரம்பலூர் மாவட்டம் உருவாச்சு. ஆக மாவட்டமும் இணையமும் ஒரே வயசு. ஆனா இணையம் மொதல்ல பெருநகரங்களுக்குத்தான் வந்துச்சு. சின்ன ஊர்கள் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

தொலைபேசிக் கம்பியில மோடம் வெச்சு டயல் பண்ணணும். ஒவ்வொரு நிமிஷமும் காசு. அந்தச் சூழ்நிலைக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்தது மின்னஞ்சல். டயல் பண்ணு, வந்திருக்கிற மடல்களை மொத்தமா இறக்கு, இணைப்பைத் துண்டி. அப்புறம் ஆற அமர உக்காந்து படி, பதில் எழுதி வை. அடுத்த தடவை டயல் பண்ணும்போது எல்லாம் சேர்ந்து போகும்.

மடற்குழுன்னா என்னன்னு இப்போ கேக்கறவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு பொது முகவரி இருக்கும். அதுக்கு நீங்க ஒரு மடல் போட்டா, குழுவுல சேர்ந்திருக்கிற எல்லாருடைய அஞ்சல் பெட்டிக்கும் போயிடும். பதில் போட்டாலும் எல்லாருக்கும் போகும். தனியா ஒரு இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு வீடு தேடி வரும்.

தமிழுக்கு இந்த ஏற்பாடு பெருசா உதவுச்சு. ஆஸ்திரேலியாவுல இருந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை நடத்தின தமிழ்.நெட் குழுவுல, பல நாட்டுத் தமிழர்கள் தமிழ் எழுத்துலயே மடல் எழுதினாங்க. அதுக்குப் பயன்பட்ட எழுத்துருக்கள்ல ஒண்ணு 'மயிலை'. சுவிட்சர்லாந்துல வேதியியல் ஆய்வாளரா இருந்த கு. கல்யாணசுந்தரம் செஞ்சது. மலேசியாவுல முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செஞ்சார். இவங்கெல்லாம் ஆளுக்கொரு மூலையில இருந்தவங்க. 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டு முறையை இவங்க விவாதிச்சு உருவாக்கினது மின்னஞ்சல் வழியாத்தான். ஒரு குறியீட்டுத் தரம் அலுவலகமோ கூட்ட அறையோ இல்லாம, தபால்பெட்டிக்குள்ளயே உருவாச்சு.

இதுல ஒரு சிக்கலும் இருந்துச்சு. என் ஃபாண்ட் உங்ககிட்ட இல்லேன்னா, நான் எழுதின தமிழ் உங்களுக்குப் பூச்சி பூச்சியாத் தெரியும். அதனால நிறைய பேர் ஆங்கில எழுத்துலயே தமிழை எழுதினாங்க. இன்னைக்கு நாம தங்லீஷ்ல மெசேஜ் போடுறோமே, அதுக்கு ஒரு முப்பாட்டன் அது. இதோட பின்விளைவு ரொம்ப நாளைக்குப் பிறகுதான் தெரிஞ்சுது. பழைய குறியீட்டுல எழுதின பதில் எங்கேயாவது பத்திரமா இருந்தாலும், இன்னைக்கு யூனிகோட் தமிழ்ல தேடினா அது சிக்காது.

'கேள்வி கேக்கத் தெரியணும்'

சென்னையில லினக்ஸ் பயனர் குழு ஒண்ணு 1990-களோட கடைசியில இருந்து இயங்குது. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை, ஐஐடி மெட்ராஸ் விண்வெளிப் பொறியியல் துறையில கூடிக்கிட்டிருந்தாங்க. அவங்க மடற்குழுவும் ரொம்ப காலம் அந்தத் துறையோட வழங்கியிலதான் ஓடுச்சு. அந்தக் குழுவுல கேள்வி கேக்க நீங்க சென்னையில இருக்க வேண்டியதில்லை. அரியலூர்ல இருந்தும் ஒரு மடல் போடலாம். அந்த வகையில மடற்குழு ஒரு சமத்துவம்.

ஆனா உள்ளே வந்தவுடனே சில வழக்கங்கள் எதிர்ல நிக்கும். மடலை வெறும் எழுத்தா அனுப்பு, வண்ணம் வேண்டாம். பழைய மடல் முழுசையும் கீழே தொங்க விடாதே, தேவையான வரியை மட்டும் வெச்சு, அதுக்குக் கீழே பதில் எழுது. தலைப்புல "ஹெல்ப் ப்ளீஸ்"னு போடாதே, பிரச்சினை என்னன்னு போடு. கேக்கறதுக்கு முன்னாடி காப்பகத்துல தேடு. இது உலகம் பூரா இருந்த வழக்கம். 2001-ல் எரிக் ரேமண்ட், புத்திசாலித்தனமா கேள்வி கேக்கறது எப்படின்னு ஒரு கட்டுரையே எழுதினார். புதுசா வர்றவங்களுக்கு அந்தச் சுட்டியைக் கொடுத்து "போய்ப் படிச்சிட்டு வா"ன்னு சொல்றது ஒரு சடங்கா ஆயிடுச்சு.

இந்த விதிகளுக்கு நியாயம் இருக்கு. நூத்துக்கணக்கான பேருக்கு ஒரு மடல் போகுது. ஒவ்வொருத்தரும் காசு கொடுத்து இறக்குறாங்க. ஒழுங்கு இல்லேன்னா யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா இன்னொரு பக்கம் இருந்து பாருங்க. தமிழ் மீடியத்துல படிச்ச ஒரு பையன், முதல் தடவையா லினக்ஸ் போட்டிருக்கான். அவன் கேள்வியை ஆங்கிலத்துல எழுதணும், அதுவும் இந்த விதிப்படி எழுதணும். எழுதினா உடனே நூத்துக்கணக்கான பெரியவங்க அஞ்சல் பெட்டிக்குப் போயிடும். அழிக்கவும் முடியாது. கேக்காமலே விட்டவங்க எத்தனை பேருன்னு எந்தக் காப்பகத்துலயும் பதிவாகாது.

சிடி வந்தாச்சு, நெட் வரல

சின்ன ஊர்களுக்கு லினக்ஸ் எப்படிப் போச்சு? முக்கியமா சிடியில. 1990-கள்லயே பிசிக்வெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் சிடியை இதழோட சேர்த்துக் கொடுத்துச்சு. 2004 அக்டோபர்ல உபுண்டு வந்துச்சு. இணையத்துல முகவரி கொடுத்தா போதும், உலகத்தோட எந்த மூலைக்கும் இலவசமா சிடி அனுப்பினாங்க. 2011 வரைக்கும் அந்தத் திட்டம் இருந்துச்சு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, ஆனா தபால் உண்டு. வெளிநாட்டு முத்திரையோட ஒரு உறை வீட்டுக்கு வரும், உள்ளே ஒரு முழு இயங்குதளம்.

சிடியைப் போட்டு நிறுவியாச்சு. இப்போ இணைய இணைப்பு வேலை செய்யல. அந்தக் காலத்துக் கணினிகளுக்குள்ள இருந்த மலிவு மோடம்கள் பலதும் விண்டோஸை நம்பியே செஞ்சவை, லினக்ஸ்ல அதுக்கு இயக்கி இருக்காது. அதைச் சரி செய்ய வழி கேக்கணும். கேக்கறதுக்கு இணையம் வேணும். இணையம் வேணும்னா அதைச் சரி செய்யணும். சாவி வீட்டுக்குள்ள, பூட்டு வெளியே.

அப்போ என்ன செய்யலாம்? திரையில வர்ற பிழைச்செய்தியைப் பேப்பர்ல எழுதிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போகணும். மணிக்கு இவ்வளவுன்னு காசு. அங்கே உக்காந்து மடற்குழுவுல சேர்ந்து, உறுதி மடலுக்குக் காத்திருந்து, கேள்வி போட்டு, பதில் வர்றதுக்குள்ள மறுநாள் ஆயிடும். தேவைப்பட்டது வேற. ஏற்கனவே இதே பிரச்சினை யாருக்காவது வந்திருக்கா, அதுக்கு என்ன பதில் சொன்னாங்க, இதை உடனே பார்க்கணும். பார்த்துட்டுக் கட்டளையைப் பேப்பர்ல எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போகணும்.

இங்கேதான் மன்றம் உள்ளே வருது. 2000-ல் பிஎச்பிபிபி, விபுல்லட்டின் மாதிரி மென்பொருள்கள் வந்தப்புறம், யார் வேணும்னாலும் ஒரு மன்றம் தொடங்கலாம்னு ஆச்சு. உபுண்டு வந்த அதே 2004 அக்டோபர்ல, ரையன் டிராய் என்ற பயனர் உபுண்டு மன்றத்தைத் தொடங்கினார். புது ஆளா வந்தாலும் திட்டு விழாத இடம்னு அது பேர் வாங்குச்சு. தலைப்பு வாரியா பிரிச்சு வெச்சிருப்பாங்க. சேராமலே படிக்கலாம். தேடுபொறியில நேரா வந்து விழும்.

தமிழ்லயும் மன்றங்களோட பொற்காலம் அதுதான். ஈழத்தமிழர்கள் நிறைய பேர் கூடின யாழ் இணையம் தன்னோட மன்றத்தைக் 'கருத்துக்களம்'னு சொல்லுச்சு. தமிழ் மன்றம், ஈகரைன்னு பல இடங்கள். அரசியல், கவிதை, சினிமா, சமையலுக்கு நடுவுல "என் கம்ப்யூட்டர்ல தமிழ் தெரியல, என்ன செய்ய?"ன்னு ஒரு பகுதியும் இருக்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கிச்சு. அங்கே பொது விஷயம் பேசுற பக்கத்துக்குப் பேர் 'ஆலமரத்தடி'. மன்றத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. தபால் வீட்டுக்கு வரும், ஆலமரத்தடிக்கு நாமதான் போகணும்.

சுவாரசியம் என்னன்னா, மடற்குழுக்காரங்களும் தங்களை ஒரு இடமாத்தான் கற்பனை பண்ணிக்கிட்டாங்க. இலக்கியம் பேசின யாகூ குழுக்களோட பேர் 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்'. தொழில்நுட்பம் தபால்தான், ஆனா மனசுல இருந்தது திண்ணை.

சரி, எது உசத்தி?

இதுல பொதுவா எல்லாரும் தவறவிடுற ஒரு விஷயம் இருக்கு. கேள்வி கேக்கறவரோட வசதியும் பதில் சொல்றவரோட வசதியும் ஒண்ணு கிடையாது.

கேக்கறவருக்கு மன்றம் வசதி. ஒரே ஒரு பிரச்சினைக்காக வர்றாரு. அதுக்காக நாளைக்கு நாப்பது மடல் வாங்கிக்க முடியாது. வந்து, கேட்டு, பதில் வாங்கிட்டுப் போகணும்.

பதில் சொல்றவருக்கு மடற்குழு வசதி. அவருக்குன்னு வேலை இருக்கு. தினமும் ஒரு தளத்துக்குப் போய் "இன்னைக்கு யாராவது கேள்வி கேட்டிருக்காங்களா?"ன்னு பார்க்க மாட்டாரு. ஆனா அஞ்சல் பெட்டியைத் தினமும் திறப்பாரு. அங்கே ஒரு கேள்வி வந்து நின்னா, தெரிஞ்சதுன்னா நாலு வரி எழுதிப் போட்டுடுவாரு.

இதுல யாருக்கு வளைஞ்சு கொடுக்கணும்? சம்பளம் இல்லாத சமூகத்துல பதில் சொல்ல ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். கேள்வி நூறு வரும், பதில் தெரிஞ்சவங்க அஞ்சு பேர் இருப்பாங்க. அந்த அஞ்சு பேர் வராத இடத்துல எவ்வளவு அழகான மன்றம் கட்டினாலும், அது பதில் இல்லாத கேள்விகளோட வரிசையா நிக்கும். உலக அளவுல பெரிய திட்டங்களுக்கு இது தாங்கும், ஏன்னா ஆயிரக்கணக்கான பேர் இருக்காங்க. தமிழ் மாதிரி சின்னக் குழுவுக்குத் தாங்காது.

அதனாலதான் தமிழாக்கம் செஞ்ச குழுக்கள், கேடிஈ, க்நோம், உபுண்டு எதுவானாலும், ரொம்ப நாள் மடற்குழுவையே பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. அங்கே எல்லாரும் வேலை செய்றவங்க, தினமும் பேசுறவங்க. வெளியில இருந்து ஒரு கேள்வியோட வர்ற பயனருக்கு மட்டும் அது மூடின கதவாத் தெரிஞ்சுது.

பிரிச்சாங்க, சேர்த்தாங்க, மறுபடி பிரிச்சாங்க

"அப்போ ரெண்டையும் வெச்சுக்கலாமே?" நல்ல கேள்வி. இதுக்கும் பதில் பெரம்பலூர், அரியலூர்லயே இருக்கு.

2001-ல் பெரம்பலூரைப் பிரிச்சு அரியலூர் மாவட்டம் உருவாக்கினாங்க. 2002-ல் திரும்பவும் பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. 2007-ல் மறுபடி பிரிச்சு அரியலூரைத் தனி மாவட்டமா ஆக்கினாங்க. அதே மக்கள், அதே நிலம், அதே மக்காச்சோளம், அதே சின்ன வெங்காயம், அதே சிமென்ட் ஆலை. மாறினது, மனுவை எந்த ஊர் கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கணும்ங்கிறது. மாவட்டம் பிரியறதுல நியாயம் இருக்கு, ஜெயங்கொண்டத்துக்காரருக்கு அலுவலகம் பக்கத்துல வருது. ஆனா பிரிச்ச அலுவலகத்துக்கு ஆளும் வேணும், கோப்பும் வேணும். பலகை மட்டும் மாட்டினா போதாது.

மென்பொருள் சமூகங்கள்லயும் இதேதான். மடற்குழு இருக்கும்போதே மன்றம் ஒண்ணு திறப்பாங்க. பதில் தெரிஞ்சவங்க பழைய இடத்துலயே இருப்பாங்க, புதுசா வர்றவங்க புது இடத்துக்குப் போவாங்க. கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். உபுண்டுவுக்கே ஒரு கட்டத்துல மடற்குழு, மன்றம், உடனடி அரட்டைக்கு ஐஆர்சி, 2010-க்கு அப்புறம் ஆஸ்க் உபுண்டுன்னு நாலு வாசல் இருந்துச்சு. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நாலு வாசல் சரி. நாற்பது பேர் இருக்கிற குழுவுக்கு நாலு வாசல்னா, ஒவ்வொரு வாசல்லயும் பத்து பேர் நின்னுக்கிட்டு "யாரும் வரலையே"ன்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க.

அரசாங்கமே கொடுத்த லினக்ஸ்

இதே காலத்துல இன்னொரு பெரிய விஷயம் நடந்துச்சு. 2007 வாக்குல, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், அப்போ அதுக்குத் தலைமை வகிச்ச ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் முயற்சியில, சூஸே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறுச்சு. அரசு அலுவலகங்கள், பள்ளிகள்னு அது பரவுச்சு. அதே வருஷம் சென்னை சி-டாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸ் வெளிவந்துச்சு. டெபியனை அடிப்படையா வெச்சது, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காக.

2011 செப்டம்பர் 15-ல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிச்சு. நம்ம கேட்பவர்கள்ல நிறைய பேர் அந்த லேப்டாப் வாங்கினவங்களா இருப்பீங்க. அதுல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கா? பெரம்பலூர், அரியலூர் மாதிரி மாவட்டங்கள்ல பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அதுலயே ஒரு லினக்ஸ் உள்ளே உக்காந்திருந்துச்சு. 2018-ல் வந்த புதுப் பாடத்திட்டத்துல, பதினொண்ணாம் வகுப்பு கணினிப் பாடத்துல உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் வந்துச்சு. அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல்ல பைத்தான்.

யோசிச்சுப் பாருங்க. லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் திறமூல மென்பொருள் பயனர்களா ஆயிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒண்ணு வேலை செய்யாம போயிருக்கும். அந்த நேரத்துல தமிழ்ல தேடினா, தமிழ்ல பதில் இருக்கிற ஒரு இடம் வேணும். தமிழ் லினக்ஸ் ஆட்கள் அதுக்குள்ள பத்துப் பன்னிரண்டு வருஷம் பேசி முடிச்சிருந்தாங்க. அந்தப் பேச்சுல பெரும்பகுதி, வெளியில இருந்து தேடினா கிடைக்காத மடல்களா இருந்துச்சு. இல்லேன்னா ஆங்கிலத்துல இருந்துச்சு. பொருள் கையில வந்துச்சு, அதோட பேச்சு கூட வரல. சுவிட்ச் ஆன் பண்ணி, விண்டோஸ் பக்கம் போய்ட்டா, அந்த லினக்ஸ் அப்படியே தூங்கும்.

2012-ல் த. சீனிவாசன் தொடங்கின 'கணியம்' மின்னிதழுக்கு இந்த இடத்துல ஒரு முக்கியத்துவம் இருக்கு. கேள்வி வர்ற வரைக்கும் காத்திருக்காம, லினக்ஸ், மைஎஸ்கியூஎல், பைத்தான்னு தமிழ்லயே எளிமையா எழுதி, எல்லாரும் எடுத்துக்கிற உரிமத்துல வெளியிட ஆரம்பிச்சாங்க. மடல்ல கரைஞ்சு போற பதிலைக் கட்டுரையா உறைய வைக்கிற வேலை அது.

2019 டிசம்பர்

2000-ல் யாகூ, ஈகுரூப்ஸ் நிறுவனத்தை வாங்கி யாகூ குழுக்களை உருவாக்குச்சு. இலவசம், காப்பகமும் அவங்களே வெச்சுப்பாங்க. தமிழினிக்ஸ்ல இருந்து மரத்தடி வரைக்கும் எத்தனையோ தமிழ்க் குழுக்கள் அங்கேதான் குடியிருந்தாங்க. 2019 அக்டோபர்ல யாகூ ஒரு அறிவிப்பு விட்டுச்சு: டிசம்பர்ல இருந்து குழுக்களோட பழைய மடல்கள், கோப்புகள், படங்கள் எதுவும் தளத்துல இருக்காது. ஆர்க்கைவ் டீம் மாதிரி தன்னார்வலர்கள் முடிஞ்ச வரைக்கும் இறக்கி வெச்சாங்க. 2020 டிசம்பர் 15-ல் சேவையே மொத்தமா மூடப்பட்டுச்சு.

இதுல ஒரு முரண் இருக்கு. மடற்குழுவோட பெரிய பலமே, ஒவ்வொரு மடலும் ஒவ்வொருத்தர் பெட்டியிலயும் ஒரு பிரதியா இருக்கும்ங்கிறதுதான். மன்றத்துல ஒரே ஒரு தரவுத்தளம், அது போனா எல்லாம் போச்சு. 2013 ஜூலையில உபுண்டு மன்றத்தை யாரோ உடைச்சப்போ, சுமார் 18 லட்சம் பேரோட கணக்கு விவரங்கள் திருடு போச்சு, சில நாள் மன்றமே மூடிக் கிடந்துச்சு. அந்தக் கோணத்துல மடற்குழுதான் பாதுகாப்பு. ஆனா நாம பிரதியை வெச்சுக்கவே இல்லையே? "யாகூல இருக்கு"ன்னு பெட்டியைக் காலி பண்ணிட்டோம். ஆயிரம் பிரதியா இருந்திருக்க வேண்டியதை, நாமளே ஒரே பிரதியா ஆக்கி, அதை அடுத்தவர் வீட்டுல வெச்சோம்.

சாத்தனூர் மரம் மாதிரிதான். வண்டல் மூடினது மிஞ்சுச்சு. பாதுகாக்கணும்னு நினைச்சு யாரோ தனியா எடுத்து வெச்ச மடல்கள் இன்னைக்கும் படிக்கக் கிடைக்குது.

இப்போ நாம எங்கே கேக்கறோம்?

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. இணையம் எல்லார் கையிலயும் ஆச்சு. கேள்வி கேக்கற இடம் வாட்ஸ்அப், டெலிகிராமுக்கு மாறுச்சு. இதுல நல்லது என்னன்னா, அந்தப் பழைய பயம் போயிடுச்சு. "அண்ணா, இந்த எரர் வருது"ன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டா போதும். ஆங்கிலம் வேண்டாம், விதி வேண்டாம். சில நிமிஷத்துல ஒரு அண்ணனோ அக்காவோ வாய்ஸ் நோட்ல பதில் சொல்லிடுவாங்க. 2001-ல் வாயே திறக்காத பையனுக்கு 2021-ல் பதில் கிடைக்குது. இதைக் குறைச்சு மதிப்பிடக் கூடாது.

ஆனா அந்த வாய்ஸ் நோட் எங்கே போகுது? குழுவுக்கு வெளியில இருக்கிறவருக்குத் தெரியாது. தேடுபொறிக்குத் தெரியாது. அடுத்த மாசம் அதே கேள்வி வரும், அதே அண்ணன் அதே பதிலைத் திரும்பச் சொல்வாரு. ஆறாவது தடவை சலிப்பு வரும், பத்தாவது தடவை குழுவை மியூட் பண்ணிடுவாரு. பதில் சேமிக்கப்படலேன்னா, இழப்பு பதிலோட நிக்காது, பதில் சொல்றவரும் போயிடுவாரு.

உலக அளவுல பழைய வழக்கு ஒரு மாதிரி சமரசமா முடிஞ்சிருக்கு. 2013-ல் வந்த டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருள்ல, மின்னஞ்சல்லயே பதிவுகளை வாங்கி, மின்னஞ்சல்லயே பதில் போடலாம். இந்தப் பக்கம், 2015-ல் வந்த மெயில்மேன் 3 மடற்குழுவுக்கு மன்றம் மாதிரி ஒரு இணைய முகம் கொடுத்துச்சு. கேக்கறவருக்கு ஆலமரத்தடி, பதில் சொல்றவருக்குத் தபால், ஆனா உள்ளே ஒரே பேச்சு. 2022-ல் க்நோம் திட்டம் மடற்குழுக்களை மூடிட்டு டிஸ்கோர்ஸுக்கு மாறுச்சு. பைத்தான் உருவாக்குநர்களோட பேச்சும் அதே வருஷம் அங்கே போச்சு. லினக்ஸ் கருநிரல் எழுதுறவங்க இன்னமும் மின்னஞ்சல்தான், டெபியனும் பெரும்பாலும் அப்படித்தான். அவங்க காப்பகங்கள் அவங்க கையிலயே இருக்கு. அதனால அவங்களுக்கு அவசரம் இல்லை.

தமிழ்லயும் முயற்சிகள் நடக்குது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகள்ல இணையவழியில தமிழ்ல கூடுறாங்க. விழுப்புரத்துல ஒரு லினக்ஸ் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்குது. தமிழ் லினக்ஸ் சமூகம் என்ற பேர்ல ஒரு மன்றமும் இருக்கு, அங்கே தமிழ்ல கேக்கலாம், தமிழ்ல பதில் வரும், வெளியில இருந்தும் படிக்கலாம்.

கடைசியா

உங்க கல்லூரியில, உங்க ஊர்ல நீங்களே ஒரு குழு தொடங்குறதா இருந்தா, மடற்குழுவா மன்றமான்னு கேக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. பதில் தெரிஞ்சவங்க தினமும் எங்கே இருக்காங்க? அவங்களை இழுக்காம, அவங்க இருக்கிற இடத்துக்குக் கேள்வி போகுதா? புதுசா வர்ற ஒருத்தர், சேராமலே, தமிழ்ல தேடிப் பழைய பதிலைப் படிக்க முடியுமா? அந்த இடத்தை நடத்துற நிறுவனம் நாளைக்குக் கடையைச் சாத்தினா, மொத்தப் பேச்சையும் ஒரு கோப்பா எடுத்துட்டுப் போக முடியுமா? மூணுக்கும் ஆமான்னு பதில் வந்தா, அதுக்குப் பேர் மன்றமா மடற்குழுவாங்கிறது ரெண்டாம்பட்சம்.

ஒருவேளை டெலிகிராம் குழுதான் வேணும்னா, தாராளமா வெச்சுக்கங்க. ஒரே ஒரு வழக்கம் மட்டும் சேர்த்துக்கங்க. பதில் கிடைச்சவர், அன்னைக்கே, பிரச்சினை என்ன, தீர்வு என்னன்னு நாலு வரி, யூனிகோட் தமிழ்ல, எல்லாரும் படிக்கிற ஒரு பொது இடத்துல எழுதி வைக்கணும். சொன்னவருக்கு அதுதான் நன்றி. அடுத்து ஜெயங்கொண்டத்துலயோ வேப்பந்தட்டையிலயோ இருந்து அதே பிழைச்செய்தியைத் தேடப் போற ஒரு தம்பி, தங்கச்சிக்கு அதுதான் வாசல்.

அடுத்த எபிசோட்ல, தமிழ்99 விசைப்பலகை எப்படி வந்துச்சு, ஏன் நம்மள்ல பாதிப் பேர் அதைக் கத்துக்கவே இல்லைன்னு பார்க்கலாம். அதுவரைக்கும், உங்ககிட்ட பழைய தமிழ்க் குழு மடல்கள் ஏதாவது ஹார்ட் டிஸ்க்ல கிடந்தா, அதுல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்க.